பினாங்கு ஓடைத் தேரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்குத் தீவில், கொடிமலை என்று நாம் சொல்லும் பினாங்கு மலைக் காட்டுக்குள் சின்னக் குழுக்களை அழைத்துக்கொண்டு இரவு நடை போவது பல வருடமாக என் வழக்கம். வருகிறவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள்தான்: பள்ளிப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டி வரும் அப்பா அம்மாக்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஓடைக்கரையில் டார்ச் லைட்டை அடித்து அந்தச் சின்னத் தேரையைக் காட்டியதும் கேள்விகள் கிளம்பிவிடும். நடைக்கு வர முடியாதவர்கள் வாட்ஸ்அப்பிலும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

இது என்ன தேரை? அப்படி என்ன விசேஷம்?

அறிவியல் பெயர் அன்சோனியா பினாங்கென்சிஸ். பெயரிலேயே பினாங்கு இருக்கிறது. பினாங்குத் தீவின் மலைக்காட்டு ஓடைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இது இல்லை. வளர்ந்த தேரையே கட்டைவிரலின் மேல்கணு அளவுதான் இருக்கும். கருத்த உடம்பு, சொரசொரப்பான தோல், அங்கங்கே மஞ்சள் புள்ளி, உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் மெலிந்த கைகால்கள். முதன்முறை பார்ப்பவர்கள் "சிலந்தி மாதிரி நடக்குதே" என்பார்கள். சரியான கவனிப்புதான். இது அதிகம் குதிப்பதில்லை. பாறையின்மேல் ஊர்ந்து ஊர்ந்துதான் ஏறும்.

தவளையா, தேரையா?

தேரைதான். வீட்டு வாசலில் மழைக்கு வந்து உட்காரும் அந்தத் தடித்த சொறித்தேரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் சொறித்தேரையின் கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் நஞ்சுச் சுரப்பிகள் இதற்குக் கிடையாது. உடம்பும் ஒல்லி. ஆகவே தவளை என்று யாராவது சொன்னால் நான் திருத்துவதில்லை. எல்லாத் தேரையும் ஒரு வகையில் தவளைதானே.

"கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன்" என்று பாட்டி சொல்லுவார். இந்தத் தேரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வார்த்தை ஞாபகம் வரும். இது கல்லுக்குள் இல்லை, கல்லின்மேல் இருக்கிறது. ஆனால் இதற்குப் படியளப்பது உண்மையிலேயே அந்தக் கல்தான். அது எப்படி என்பதைத் தலைப்பிரட்டை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

யார் கண்டுபிடித்தது? அன்சோனியா என்றால் என்ன?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அறிவியல் உலகத்துக்கு இதை முதலில் எழுதிக் காட்டியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டின் மொராவியாப் பகுதியில் பிறந்தவர், 1862 முதல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் வேலை பார்த்தவர். 1870-இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில்தான் இந்தத் தேரை வருகிறது. இதற்காகவே அன்சோனியா என்ற புதுப் பேரினத்தையும் (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதி) அவர் ஏற்படுத்தினார். அப்போது பினாங்கின் துணை ஆளுநராக இருந்தவர் கர்னல் ஆர்ச்சிபால்ட் ஆன்சன். அவர் பெயர்தான் தேரைக்கு வந்தது. ஜோர்ஜ்டவுனில் ஜாலான் ஆன்சன் வழியாகப் போயிருப்பீர்களே, அதே ஆன்சன்தான். பேராக்கின் தெலுக் இந்தானை நம் பெரியவர்கள் இன்னும் தெலுக் ஆன்சன் என்று சொல்வதும் அவரால்தான்.

இந்த ஸ்டோலிச்காவுக்கு நம் மண்ணோடு இன்னொரு தொடர்பும் உண்டு. அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பக்கம் பாறைகளில் கிடைக்கும் கடல் உயிரிகளின் தொல்லெச்சங்களை வரிசைப்படுத்தி விரிவாக எழுதியவர் இவர்தான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அரியலூரில் கடல் இருந்தது என்பதற்குச் சாட்சியான சிப்பிகளையும் சுருள் ஓடுகளையும் புரட்டிய அதே கைகள் கொடிமலையில் இந்தத் தேரையையும் தூக்கிப் பார்த்திருக்கின்றன. எங்கள் குழுவில் ஒருமுறை அரியலூர்க்காரர் ஒருவர் வந்திருந்தார், மகள் வீட்டுக்கு வந்தவர். இதைச் சொன்னதும் ஓடைக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டோலிச்கா 1874-இல் மத்திய ஆசியாவின் யார்க்கண்டுக்குப் போன பயணம் முடிந்து திரும்பும் வழியில் மலையுச்சி நோயால் இறந்தார். வயது 36. லடாக்கின் லே நகரில் அடக்கம் செய்தார்கள். பினாங்கு மலையில் வாழும் நன்னீர் நண்டு ஒன்றுக்கும் அவர் பெயர் உண்டு.

பினாங்கில் மட்டும்தான் என்கிறீர்களே, எதிரே பேராக் மலையில் இருக்காதா?

அன்சோனியா பேரினத்தில் சுமார் 40 இனங்கள் இருக்கின்றன. மியன்மார், தாய்லாந்தின் தென்பகுதியில் தொடங்கி தீபகற்ப மலேசியா, போர்னியோ, பிலிப்பைன்ஸின் மின்டனாவோ வரை பரவியிருக்கின்றன. ஒரு காலத்தில் வேறு இடங்களில் கிடைத்த ஒல்லித் தேரைகளுக்கும் பினாங்குத் தேரை என்றே சீட்டு ஒட்டி வைத்தார்கள். அப்புறம் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அவை வேறு வேறு என்று தெரிந்தது. 2006-இல் எண்டாவ் ரொம்பினுக்கு ஒன்று, 2008-இல் ஃபிரேசர் மலைக்கு ஒன்று என்று புதுப் பெயர்கள் வந்தன. இப்படிப் பிரித்துப் பிரித்து, பழைய பெயர் கடைசியில் நம் தீவுக்கு மட்டும் மிஞ்சியது.

ஏன் இப்படி என்பதற்கு நான் கொடுக்கும் விளக்கம் இது. பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. பினாங்கு அப்போது தீவே இல்லை. எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு ஃபெரி வேண்டாம், நடந்தே போயிருக்கலாம். மானும் புலியும் அப்படி நடந்திருக்கும். ஆனால் இந்தத் தேரைக்குப் பாறை மேல் பாயும் குளிர்ந்த ஓடை வேண்டும். நடுவே கிடந்தது சமவெளி, சதுப்பு, சேற்று ஆறு. அதைத் தாண்ட இதனால் முடியாது. நமக்குத் தீவு என்றால் சுற்றிலும் கடல். இதற்குத் தீவு என்றால் சுற்றிலும் சமவெளி.

எப்படிப்பட்ட இடத்தில் வாழும்?

மலைச்சரிவில், நிழல் விழும் காட்டுக்குள், கருங்கல் பாறைகளுக்கு நடுவே வேகமாக ஓடும் தெளிந்த ஓடை. இவ்வளவும் சேர்ந்து இருக்க வேண்டும். தேங்கி நிற்கும் குட்டை உதவாது. வெயில் நேரே விழுந்து சூடேறும் ஓடையும் உதவாது. இரவில் பெரிய தேரைகள் ஈரப்பாறையிலும் ஓடையோரத்துச் செடியின் தாழ்ந்த இலையிலும் உட்கார்ந்திருக்கும். டார்ச் வெளிச்சத்தில் மேலே மட்டும் பார்த்துக்கொண்டு போனால் தவற விடுவீர்கள். முட்டி உயரத்துக்குக் கீழே பாருங்கள்.

கொடிமலையின் உச்சி 833 மீட்டர். கீழே ஜோர்ஜ்டவுன் 32 டிகிரியில் வேகும்போது மேலே ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும். அந்தக் குளிர்ச்சியைத் தேடித்தான் அன்றைய வெள்ளைக்காரர்கள் மேலே பங்களா கட்டினார்கள், 1923-இல் ரயிலும் விட்டார்கள். தேரைக்கும் அந்தக் குளிர்ச்சிதான் வாழ்வு.

தண்ணீர்மலை என்று நம் ஆட்கள் அந்த அடிவாரத்துக்குப் பெயர் வைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். முருகன் கோயிலும் தாவரவியல் பூங்காவும் இருக்கிற அந்த இடத்துக்கு மலாயில் பூங்காவின் பெயர். தமிழில் தண்ணீரின் பெயர். மேலிருந்து இறங்கும் அந்தத் தண்ணீரில்தான் இந்தத் தேரையின் கதை முழுக்க இருக்கிறது.

அவ்வளவு வேகமான தண்ணீரில் தலைப்பிரட்டை அடித்துக்கொண்டு போகாதா?

இதைத்தான் நான் எல்லோருக்கும் காட்ட ஆசைப்படுவேன். நமக்குத் தெரிந்த தலைப்பிரட்டை எப்படி இருக்கும்? கருப்பாக, உருண்டையாக, தேங்கிய நீரில் வாலாட்டிக்கொண்டு கூட்டமாக. ஓடைத் தேரையின் தலைப்பிரட்டை வேறு மாதிரி. உடம்பு தட்டை. வால் தசை கெட்டி. வாய் முகத்தின் முன்னால் இல்லை, அடியில் இருக்கிறது. உதடுகள் அகன்று கிண்ணம் போல விரிந்திருக்கும். அந்தக் கிண்ணத்தைப் பாறையில் பதித்து உறிஞ்சிக்கொள்ளும். குளியலறைச் சுவரில் ரப்பர் கொக்கி ஒட்டி நிற்குமே, அதே வேலைதான். தண்ணீர் மேலே பாய்ந்து போகும், இது கீழே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஒட்டி நிற்பது மட்டும் இல்லை, அந்த நிலையிலேயே சாப்பிடவும் செய்யும். உதட்டுக்கு நடுவே கொம்புப் பொருளாலான சிறு தாடைகள் இருக்கின்றன. பாறையின்மேல் மெல்லிய பாசிப் படலம் இருக்கும், கைவைத்தால் வழுக்குமே, அதைச் சுரண்டித் தின்னும். சுரண்டியபடியே அங்குலம் அங்குலமாக நீரோட்டத்துக்கு எதிராக நகரும். கல்தான் படியளக்கிறது என்று சொன்னது இதனால்தான்.

ஒருமுறை பத்து வயதுப் பையன் ஒருவன் முழங்கால் ஆழத் தண்ணீரில் குனிந்து, பாறை இறக்கத்தையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எதுவும் தெரியவில்லை. "அக்கா, இந்தக் கறை நகருது" என்றான். கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத தலைப்பிரட்டை. அது கடந்து வந்த வழியில் பாசி இல்லாத ஒரு மெல்லிய கோடு பாறையில் தெரிந்தது. எழுதுபலகையை விரலால் துடைத்த மாதிரி. அந்தக் கோட்டை நான் அதற்கு முன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், என்னவென்று தெரியாமலே.

இதன் மறுபக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாறை சுத்தமாக இருந்தால்தான் கிண்ண வாய் ஒட்டும். சேறு ஒரு மில்லிமீட்டர் படிந்தாலும் பிடி நழுவும், பாசியும் மூடிப்போகும். காடு பச்சையாக இருக்கும், ஓடையும் ஓடிக்கொண்டிருக்கும், தலைப்பிரட்டைக்கு மட்டும் வீடும் சோறும் ஒரே நாளில் போயிருக்கும்.

சத்தம் எப்படி இருக்கும்?

கொரகொர என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். கீச்சென்ற மெல்லிய ஒலி, பூச்சியோ என்று தோன்றும். ஓடையின் இரைச்சல் பெரும்பாலும் கனத்த ஒலி. அதோடு போட்டி போட ஓடையோரத் தவளைகள் பலவும் குரலை உயர்த்தி வைத்துக்கொள்கின்றன. சந்தை இரைச்சலில் கீரைக்காரம்மா குரல் தனியாகக் கேட்பது போல. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், ஆனால் கத்தாத ஆணுக்கு இணை கிடைக்காது. அந்த ஆபத்தை ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

என்ன சாப்பிடும்?

எறும்பும் அதுபோன்ற சின்னப் பூச்சிகளும்.

தொட்டால் விஷமா?

தேரைக் குடும்பத்தின் தோலில் கசப்பான நஞ்சு உண்டு. தொட்ட கையைக் கண்ணில் வைத்தால் எரியும். ஆனால் நம்மால் அதற்கு வரும் கேடுதான் பெரிது. தேரை தோலாலும் மூச்சு விடுகிறது, தோலாலேயே தண்ணீரும் எடுக்கிறது. நம் கையில் கொசு மருந்தும் சன்ஸ்கிரீனும் இருக்கும். அது நேராக அதன் உடம்புக்குள் போகும். ஆகவே தொட வேண்டாம்.

எங்கள் வீட்டு லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) ஒன்று இருக்கிறதே, அதுவா?

இல்லை. வாரத்துக்கு ஒரு படமாவது இப்படி வரும். சொறிசொறியாகத் தடித்திருந்தால் சாதாரணத் தேரை. உருண்டையாக, முதுகின் இரு பக்கமும் காவிப் பட்டையோடு, மழை ராத்திரியில் மாடு மாதிரி கத்தினால் அது பட்டைத் தவளை. சுவரில் ஒட்டிக்கொண்டு குளியலறைக்குள் வந்தால் மரத்தவளை. மூன்றும் நல்ல பிள்ளைகள், கொசுவையும் பூச்சியையும் தின்னும். உப்புப் போட்டு விரட்டாதீர்கள்.

தமிழ்நாட்டு ஊதாத் தவளை இதற்கு உறவா?

நெருங்கிய உறவு இல்லை, ஆனால் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஊதாத் தவளையைக் கேரள மலைகளிலிருந்து 2003-இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். 2017-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து இரண்டாவது இனத்தை விவரித்து, ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை வைத்தார்கள். வளர்ந்த தவளை ஆண்டு முழுக்க மண்ணுக்கடியில் இருந்துவிட்டு, மழைக்காலத்தில் சில நாள் மட்டும் இனப்பெருக்கத்துக்கு மேலே வரும். ஆனால் அதன் தலைப்பிரட்டையும் காட்டாற்றுப் பாறையில் வாயால் ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டித்தான் வளர்கிறது. நெருங்கிய உறவு இல்லாத இரண்டு உயிர்கள், ஒரே மாதிரி வெள்ளம், ஒரே மாதிரி வாய்.

நெருங்கிய உறவுபோல் இருந்தவை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் இரண்டு ஓடைத் தேரைகளை நீண்ட காலம் அன்சோனியா என்றே வைத்திருந்தார்கள். 2009-இல் மரபணுவைப் பார்த்து, கட்டோஃப்ரைன் என்று தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள்.

இதற்கு எதனால் ஆபத்து? தைப்பூசக் கூட்டத்தாலா?

தைப்பூசத்தன்று லட்சக்கணக்கானோர் கூடுகிறோம், பிளாஸ்டிக் கப்பும் பாலிஸ்டைரின் தட்டும் மலைபோல் குவிகின்றன. அதைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில்: கோயில் அடிவாரத்தில் இருக்கிறது, தேரை மேலே இருக்கிறது. கீழே போட்ட குப்பை மேலே ஏறாது. மேலே வெட்டும் மண்தான் கீழே வரும்.

ஆபத்து சரிவில் நடக்கும் மண்வேலையில்தான் இருக்கிறது. பாதையை அகலப்படுத்துவது, தோட்டத்துக்குச் சரிவை வெட்டுவது, கட்டடம், மழையில் சரியும் மண். 2017 நவம்பர் 4, 5 தேதிகளின் பேய்மழையைப் பினாங்குக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. கொடிமலையில் எத்தனையோ இடங்களில் சரிவு. இயற்கையான சரிவிலிருந்து ஓடை மெதுவாக மீண்டுவிடும். மரமும் வேரும் இருந்தால் அடுத்த மழைகளே பாறையைக் கழுவிக் கொடுக்கும். வெட்டி வெறுமையாக விட்ட சரிவு அப்படி இல்லை, ஒவ்வொரு மழைக்கும் புதுச் சேற்றை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

நான் வழக்கமாகப் போகும் சிற்றோடை ஒன்றின் மேலே சில வருடங்களுக்கு முன் நடைபாதை வேலை நடந்தது. யார் செய்தார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. தோண்டிய செம்மண்ணைக் கரையிலேயே கொட்டி, மேலே பிளாஸ்டிக் விரிப்புகூடப் போடாமல் விட்டிருந்தார்கள். இரண்டு மழை. மூன்றாவது வாரம் போனேன். பாறையை விரலால் தொட்டேன், தே தாரிக் பால்தேநீர் நிறத்தில் விரல்நுனி முழுக்கச் சேறு. தலைப்பிரட்டை ஒன்றுகூட இல்லை. அன்று குழுவோடு வந்த பிள்ளைகளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பிவிட்டேன். அந்த மண்ணை ஒரு தார்ப்பாயால் மூடியிருந்தால் போதும்.

2021 செப்டம்பரில் யுனெஸ்கோ பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. காடும் கடலும் சேர்த்து 12,481 ஹெக்டர். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பட்டம் மண்ணைத் தாங்கிப் பிடிக்காது. சரிவில் வேலை செய்கிறவர் ஓடைக்கு எவ்வளவு தூரம் விடுகிறார், மழைக்காலத்தில் வேலையை நிறுத்துகிறாரா என்பதுதான் தேரைக்குக் கணக்கு.

தவளைகளுக்கு ஏதோ பூஞ்சை நோயாமே?

கைட்ரிட் என்ற பூஞ்சை. தோலைத் தாக்கும். தோலால் வாழும் உயிருக்கு அது உயிர்நாடியில் கை வைத்த மாதிரி. உலக அளவில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் இதனால் குறைந்திருக்கின்றன, சுமார் 90 இனங்கள் அழிந்தே போயின என்று 2019-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. தீபகற்ப மலேசியாவின் தவளைகளிலும் இந்தப் பூஞ்சை இருப்பதை 2011-இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆசியத் தவளைகள் பெரும்பாலும் இதைத் தாக்குப்பிடிக்கின்றன. பூஞ்சையின் வேரே கிழக்காசியாவில், கொரியத் தீபகற்பத்தில் இருப்பதாக மரபணு ஆய்வு காட்டுகிறது. நீண்ட காலம் சேர்ந்தே வாழ்ந்த பழக்கம் போல.

ஆனாலும் அலட்சியம் கூடாது. இந்தப் பூஞ்சை 17 முதல் 25 டிகிரியில் நன்றாக வளரும். கீழே நம் ஊர் வெயில் அதற்கு அதிகம், மலையோடை அளவாக இருக்கும். வேறு மலையில் நடந்த காலணியோடு நேராக இங்கே வராதீர்கள். சேற்றைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து விட்டு வாருங்கள். வீட்டு மீன்தொட்டி மீனையும் தண்ணீரையும் ஓடையில் ஊற்றவே கூடாது. பாவம், விட்டுவிடலாம் என்று இரக்கத்தில் செய்கிறவர்கள்தான் அதிகம். அந்த மீன் தலைப்பிரட்டையைத் தின்னும்.

காணாமல் போய்விட்டால் அவ்வளவுதானா?

இதே பேரினத்தில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. சரவாக்கின் வானவில் தேரை, அன்சோனியா லாட்டிடிஸ்கா. 1924-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. கையில் இருந்ததெல்லாம் பழைய கோட்டுப் படம் மட்டும்தான். சரவாக் பல்கலைக்கழகத்தின் இந்திரனீல் தாஸ் குழுவினர் மாதக்கணக்கில் இரவு இரவாகத் தேடி, 2011-இல் பென்ரிசென் மலையில் ஒரு மரத்தின்மேல் கண்டுபிடித்தார்கள். பச்சை, ஊதா, சிவப்பு என்று பளபளத்தது. 87 ஆண்டுகள் கழித்து. காடு இருந்ததால்தான் தேரையும் இருந்தது.

எந்த ஓடைக்குப் போனால் பார்க்கலாம்? பிடித்து வளர்க்கலாமா?

எந்த ஓடை என்று எழுத மாட்டேன், மன்னித்துவிடுங்கள். அபூர்வத் தவளைகளை வாங்கவும் விற்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். எழுதினால் அது அவர்களுக்கும் வழிகாட்டும். நிரந்தர வனக்காப்புப் பகுதிக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி உள்ள வழிகாட்டியோடு வாருங்கள், ஆறேழு பேருக்கு மேல் வேண்டாம்.

வளர்ப்பதை நினைக்கவே வேண்டாம். தொட்டியில் ஓடையை வைக்க முடியாது. இரண்டு வாரம் தாங்காது.

படம் எடுத்தேன், அப்புறம் என்ன செய்யலாம்?

உயிரினப் படங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடுங்கள், ஆனால் இருப்பிடத்தை மறைத்துப் போடுங்கள், அமைப்பிலேயே அதற்கு வழி இருக்கிறது. ஃபிளாஷை முகத்தில் திரும்பத் திரும்ப அடிக்காமல், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்தால் தோலின் புள்ளிகள் தெளிவாக விழும். கல்லைப் புரட்டிப் படம் எடுக்காதீர்கள். புரட்டியே ஆக வேண்டிய சூழ்நிலை வந்தால், அதே பக்கம் கீழே இருக்கும்படி அதே இடத்தில் திரும்ப வையுங்கள். தேரையோடு சேர்த்து அது உட்கார்ந்திருக்கும் பாறையையும், முடிந்தால் தண்ணீருக்கடியில் இருக்கும் பாறையையும் ஒரு படம் எடுங்கள். சேறு படிந்திருக்கிறதா, பாசி பச்சையாக இருக்கிறதா என்று தேதியோடு தெரிந்தால், அடுத்த முறை மேலே யாராவது மண் வெட்டும்போது எடுத்துக் காட்ட நம்மிடம் ஒரு ஆதாரம் இருக்கும். என் போனில் இப்போது தேரைப் படத்தைவிட வெறும் கல் படம்தான் அதிகம்.